அழிக்கும் முன் ஒரு கேள்வி: சாதன டிரைவர்களில் மிகையான வெறுமைச் சோதனைகள்

இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் பார்வைக்கு மிகச் சிறியது. லினக்ஸ் கர்னலின் சாதன டிரைவர்களில் தேவையற்றுக் கிடக்கும் வெறுமைச் சோதனைகளை ஒருவர் நீக்கி அனுப்பும்போது, அந்த நீக்கத்தை மதிப்பாய்வு செய்கிறவர் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எப்போது ஒப்புதல் தர வேண்டும் என்பதே அது. இரண்டு வரிகளை அழிப்பதில் இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று அவையில் சிலருக்குத் தோன்றலாம். இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் லினக்ஸை உலுக்கிய ஒரு பாதுகாப்பு ஓட்டை, இப்படி அழிந்துபோன ஒரே ஒரு சோதனையால் திறந்துகொண்டது. அதை அழித்த கை மனிதருடையதுகூட அல்ல. அந்தக் கதை பின்னர் வரும்.

முதலில் சொற்கள். டிரைவர் என்பது, இயங்குதளத்தின் மைய நிரலான கர்னலுக்கும் கணினியோடு பூட்டப்பட்ட கருவிக்கும் இடையே நின்று பேசும் நிரல். தொடுதிரை, கேமரா, வை-ஃபை சில்லு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதப்படுவதால், லினக்ஸ் கர்னலின் மூலநிரலில் பாதிக்கும் மேற்பட்ட வரிகள் டிரைவர்களுக்கே உரியவை. கர்னல் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் சுட்டி, அதாவது பாயின்டர், என்பது ஒரு பொருள் நினைவகத்தில் இருக்கும் முகவரியைத் தாங்கும் மாறி. சுட்டுவதற்கு எதுவும் இல்லாதபோது அந்த மாறியில் வைக்கப்படும் தனி மதிப்பே வெறுமை. நடைமுறையில் அது சுழிய முகவரி. 1965இல் அல்கால் டபிள்யூ மொழியை வடிவமைத்தபோது இந்த வெறுமைச் சுட்டியை அறிமுகப்படுத்திய டோனி ஹோர், 2009இல் லண்டனில் ஆற்றிய உரையில் அதைத் தம் நூறு கோடி டாலர் தவறு என்றே அழைத்தார்.

வெறுமையாக இருக்கும் சுட்டியைப் பின்தொடர்ந்து போய் நினைவகத்தைத் தொட்டால் கர்னல் இடறி விழும். திரையில் 'ஊப்ஸ்' எனப்படும் நீண்ட அறிக்கை ஓடும். அந்த அறிக்கையில் அச்சிடப்படும் முகவரி பெரும்பாலும் சரியான சுழியமாக இருப்பதில்லை. எட்டு, பதினாறு, நாற்பது என்று ஒரு சிறு எண்ணாக இருக்கும், ஏனெனில் சுட்டி வெறுமையாக இருக்க, அது சுட்டியிருக்க வேண்டிய கட்டமைப்பின் எட்டாவது பைட்டிலோ நாற்பதாவது பைட்டிலோ உள்ள உறுப்பை நிரல் தேடிப் போயிருக்கிறது. பழகிய பொறியாளர் அந்தச் சிறு எண்ணை வைத்தே எந்த உறுப்பைத் தேடியபோது விபத்து நேர்ந்தது என்று கண்டுகொள்வார். இப்படி இடறாமல் இருக்க, பயன்படுத்தும் முன் சுட்டி வெறுமையா என்று கேட்டு, வெறுமையெனில் விலகிக்கொள்ளும் வரியைத்தான் பொறியாளர்கள் 'நல் செக்' என்கிறார்கள். இவ்வுரை அதை வெறுமைச் சோதனை என்று குறிக்கும்.

டிரைவர்களில் இந்தச் சோதனைகள் ஏன் இவ்வளவு குவிகின்றன? காரணம் அச்சம், அந்த அச்சத்துக்கு அடிப்படையும் உண்டு. 2001இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆண்டி சோவும் அவருடைய குழுவினரும் லினக்ஸ் கர்னலின் பிழைகளை ஆராய்ந்து, டிரைவர்களில் பிழை விகிதம் கர்னலின் பிற பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை அதிகம் என்று காட்டினார்கள். பத்தாண்டு கழித்து 2011இல் பாலிக்ஸ், லாவால், முல்லர் முதலியோர் அதே ஆய்வை மீண்டும் செய்தபோது நிலைமை மேம்பட்டிருந்தது. டிரைவர்களின் பிழை விகிதம் வேறு சில பகுதிகளைவிடக் கீழே இறங்கியிருந்தது. ஆனாலும் டிரைவர் எழுதும் வழக்கம் மாறவில்லை. புதிய சில்லுக்கு டிரைவர் எழுதுகிறவர் வெற்றுத் தாளிலிருந்து தொடங்குவதில்லை. அதே வகையைச் சேர்ந்த பழைய டிரைவர் ஒன்றைப் பிரதியெடுத்து, பெயர்களை மாற்றி, பதிவேட்டு முகவரிகளை மாற்றி, மிச்சத்தை அப்படியே விட்டுவிடுகிறார். பழைய டிரைவரில் ஒருவர் அஞ்சி எழுதிய சோதனை, காரணம் மறைந்த பிறகும், பிரதியிலிருந்து பிரதிக்குப் போகிறது. பூட்டிய கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பது போல, தீங்கில்லை என்ற எண்ணத்தில் எவரும் அதைத் தொடுவதில்லை.

தீங்கில்லையா? ஒரு சோதனை படிக்கிறவருக்குச் செய்தி சொல்கிறது. இந்தச் சுட்டி இங்கே வெறுமையாக இருக்கக்கூடும் என்பதே அச்செய்தி. அது பொய்யாக இருந்தால், அடுத்து வருகிறவர் அந்தப் பொய்யை நம்பி இன்னும் மூன்று இடங்களில் சோதனை சேர்ப்பார். ஒருபோதும் ஓடாத கிளைகள் முளைக்கும். ஓடாத கிளையைச் சோதித்துப் பார்க்க முடியாததால் அதற்குள் பிழை இருந்தாலும் தெரியாது. ஆகவே துப்புரவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. எப்படி வேண்டும் என்பதில்தான் மதிப்பாய்வாளரின் வேலை தொடங்குகிறது. அவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்தச் சோதனை இல்லாவிட்டாலும் சுட்டியால் கேடு வராது என்பதற்கு உத்தரவாதம் தருவது யார்?

இக்கேள்விக்கு மிக எளிதாக விடை கிடைக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். கர்னலில் ஒதுக்கிய நினைவகத்தைத் திருப்பித் தரும் செயற்கூறு கேஃப்ரீ. எத்தனையோ டிரைவர்களில், சுட்டி வெறுமையில்லை என்றால் மட்டும் கேஃப்ரீயை அழை என்று எழுதப்பட்டிருக்கும். ஆனால் கேஃப்ரீ உள்ளே நுழைந்ததும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று அதே சோதனைதான். வெறுமை வந்தால் எதுவும் செய்யாமல் திரும்பிவிடும். உத்தரவாதம் யாருடையது? அழைக்கப்படும் செயற்கூற்றினுடையது, அது ஆவணத்திலும் எழுதப்பட்டிருக்கிறது, நிரலிலும் இருக்கிறது. கர்னலோடு வரும் செக்பேட்ச் என்னும் கருவி இத்தகைய வரியைக் கண்டால் எச்சரிக்கும். ஜூலியா லாவால் உள்ளிட்ட ஆய்வாளர்கள் உருவாக்கி வளர்த்துவரும் காக்சினெல் என்னும் கருவி ஒருபடி மேலே போய், நிரலின் பொருளமைப்பைப் பார்த்துப் பொருந்தும் இடங்களையெல்லாம் தேடி, திருத்தத்தையே எழுதித் தந்துவிடும். விடுவிக்கும் செயற்கூறுகளுக்கு முன் நிற்கும் இத்தகைய சோதனைகளைக் கண்டறிவதற்கென்றே அதற்குரிய விதிக்கோப்பு ஒன்று கர்னலின் மூலநிரலுக்குள் இருக்கிறது.

இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. உத்தரவாதத்துக்குப் பிறந்த தேதி உண்டு. பொருள்களின் தற்காலிகக் கிடங்கை அழிக்கும் 'கெமெம் கேஷ் டெஸ்ட்ராய்' என்னும் செயற்கூறு, வெறுமையை அமைதியாக ஏற்கத் தொடங்கியது 2015இல்தான். அதற்கு முந்தைய கர்னல்களில் வெறுமையைக் கொடுத்தால் விபத்து நேரும். இன்றைய கர்னலில் முழுக்க முழுக்கச் சரியான ஒரு துப்புரவு, 'பிழைத்திருத்தம்' என்ற முத்திரையோடு போய்ச் சேர்ந்தால், நெடுங்காலப் பராமரிப்பில் உள்ள பழைய கிளைகளுக்கும் அது எடுத்துச் செல்லப்படலாம். உத்தரவாதம் பிறக்காத அந்தக் கர்னலில் அது துப்புரவாக இராது, புதிய பிழையாக இருக்கும். அதனால்தான் துப்புரவு பேட்சில், அதாவது ஒப்புதலுக்கு அனுப்பப்படும் நிரல் மாற்றத்தில், பிழைத்திருத்த முத்திரையைக் கண்டால் அனுபவமுள்ள பராமரிப்பாளர் அதை எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். அது பிடிவாதமாகத் தோன்றும், பிடிவாதமல்ல.

அடுத்த இடம் இன்னும் வழுக்கலானது. ஒரு கருவி வேலை செய்ய இரண்டு வேண்டும்: சீரான கடிகாரத் துடிப்பு ஒன்று, சீரான மின்னழுத்தம் மற்றொன்று. கர்னலில் முதலாவதற்குக் கிளாக் என்னும் அமைப்பும், இரண்டாவதற்கு ரெகுலேட்டர் என்னும் அமைப்பும் உண்டு. டிரைவரின் இறுதிப் பகுதியில் இரண்டையும் நிறுத்தும் வரிகள் அடுத்தடுத்து நிற்கும்: கடிகாரம் இருந்தால் அதை நிறுத்து, ரெகுலேட்டர் இருந்தால் அதை நிறுத்து. இரண்டு வரிகளும் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. துப்புரவு செய்கிறவர் முதல் வரியின் சோதனையை நீக்குகிறார், சரி. அதே வேகத்தில் இரண்டாவது வரியின் சோதனையையும் நீக்குகிறார். சரியா?

இல்லை. கர்னலின் பொதுக் கடிகார அமைப்பு வெறுமையை ஒரு செல்லுபடியாகும் கடிகாரமாகவே நடத்துகிறது. துடிப்பு தேவைப்படாத மின்சுற்றுப் பலகைகளிலும் அதே டிரைவர் ஓட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு அது. தொடங்கச் சொன்னால் வெற்றி என்று திரும்பும், நிறுத்தச் சொன்னால் ஒன்றும் செய்யாது. ரெகுலேட்டர் அமைப்போ வேறு வழியில் அதே சிக்கலைத் தீர்த்திருக்கிறது: வழக்கமான முறையில் கேட்டால், இல்லாத ரெகுலேட்டருக்குப் பதிலாக ஒரு போலி ரெகுலேட்டரையே கொடுத்துவிடுகிறது, விருப்ப முறையில் கேட்டால், இல்லை என்பதைப் பிழை எண்ணாகச் சொல்கிறது, அந்தப் பிழையைக் கண்ட டிரைவர் தன் சுட்டியைத் தானே வெறுமையாக்கிக்கொள்கிறது. நிறுத்தும் செயற்கூறு அந்தச் சுட்டியை எந்தச் சோதனையும் இன்றிப் பின்தொடரும். ஆக, கடிகாரத்துக்கு முன் நின்ற சோதனை மிகை. ரெகுலேட்டருக்கு முன் நின்ற சோதனை உயிர். ஒரே டிரைவரில், ஒரே செயற்கூற்றில், அடுத்தடுத்த வரிகளில் நிற்கும் இரண்டுக்கும் இந்த வேறுபாடு. பேட்சில் தெரியும் ஏழெட்டு வரிகளை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரிய வழியே இல்லை. அழைக்கப்படும் செயற்கூற்றைத் திறந்து படித்தவருக்குத்தான் தெரியும்.

கடிகாரத்தின் கதையும் அவ்வளவோடு முடியவில்லை. பொது அமைப்பைப் பயன்படுத்தாமல், தமக்கென்று தனிக் கடிகார நிரல் வைத்திருந்த பழைய தளங்கள் சில இருந்தன. அவற்றில் வெறுமையைப் பொறுத்துக்கொள்ளும் வழக்கம் எல்லாச் செயற்கூறுகளிலும் இருக்கவில்லை. மிப்ஸ் செயலிக் கட்டமைப்பின் சில பிரிவுகளுக்கு 2017இல்தான் அந்தக் குறை தீர்க்கப்பட்டது. ஆகவே, இந்த டிரைவர் எந்தத் தளங்களில் தொகுக்கப்படுகிறது என்பதும் உத்தரவாதத்தின் ஒரு பகுதி.

மூன்றாவது இடம், கருவியின் பதிவேடுகள் இருக்கும் முகவரிப் பகுதியைக் கர்னலின் பார்வைக்குக் கொண்டுவரும் வேலை. டிரைவர் முதலில் அந்தப் பகுதியின் விவரத்தைக் கேட்டுப் பெறும். பிறகு 'டெவ்எம் ஐஓரீமேப் ரிசோர்ஸ்' என்னும் செயற்கூற்றிடம் அதைக் கொடுக்கும். விவரம் கிடைக்காமல் வெறுமை வந்தால் அந்தச் செயற்கூறே கண்டுகொண்டு பிழை என்று திருப்பிவிடும் என்பதால், நடுவில் நிற்கும் சோதனை மிகை. நூற்றுக்கணக்கில் நீக்கத்தக்க சோதனைகள் இவை, நீக்கியும் வந்திருக்கிறார்கள். ஆனால் மதிப்பாய்வாளர் இரண்டைப் பார்க்க வேண்டும். விவரத்தைப் பெற்ற வரிக்கும் அதைக் கொடுக்கும் வரிக்கும் இடையே யாராவது அந்தச் சுட்டியைத் தொட்டிருக்கிறார்களா? பகுதியின் அளவைக் கணக்கிடும் ஒரு வரி இடையில் நின்றாலும் போதும், உத்தரவாதம் போய்விட்டது. இரண்டாவது, நீக்கத்துக்குப் பின் டிரைவர் திருப்பும் பிழை எண் மாறுகிறதா? முன்பு 'கருவி இல்லை' என்று திரும்பியது இப்போது 'செல்லாத உள்ளீடு' என்று திரும்பும். கர்னலின் செய்திப் பதிவில் புதிதாக ஒரு பிழை வரியும் எழுதப்படும். பெரும்பாலும் இதனால் எவருக்கும் இடர் இல்லை. இருந்தாலும் நடத்தையில் மாற்றம் இல்லை என்று பேட்சோடு வரும் மாற்றக் குறிப்பில் எழுதியிருந்தால், அந்தக் குறிப்பு உண்மையல்ல.

போகிற போக்கில் ஒன்று. மேற்சொன்ன செயற்கூறு தோல்வியடைந்தால் வெறுமையைத் திருப்புவதில்லை; பிழை எண்ணையே ஒரு முகவரி போலப் பொதிந்து, நினைவக முகவரிகளின் கடைசி 4095 இடங்களுக்குள் ஒன்றாகத் திருப்புகிறது. அங்கே வெறுமைச் சோதனை எழுதினால் அது ஒருபோதும் பிழையைப் பிடிக்காது. அப்படிப்பட்ட ஒரு சோதனையை மிகை என்று நீக்கி விட்டுவிடுவது பாதி வேலை. அந்த இடத்தில் பிழைச் சோதனையை வைக்க வேண்டும்.

நான்காவது இடம், கர்னலின் சட்டகம் தரும் உத்தரவாதம். கருவி கண்டறியப்பட்டதும் புரோப் எனப்படும் தொடக்கச் செயற்கூறு அழைக்கப்படுகிறது. கருவி பிரிக்கப்படும்போது ரிமூவ் எனப்படும் இறுதிச் செயற்கூறு. புரோப் வெற்றியடையாவிட்டால் ரிமூவ் அழைக்கப்படவே மாட்டாது. எனவே புரோப் தன் தரவைச் சேமித்து வைத்திருந்தால், ரிமூவில் அந்தத் தரவு வெறுமையா என்று கேட்பது வீண். இங்கே உத்தரவாதம் சட்டகத்தினுடையது, ஐயமில்லை. அதே சோதனை இன்டரப்ட் கையாளும் செயற்கூற்றில் இருந்தால்? இன்டரப்ட் என்பது கருவி கர்னலைத் தட்டி அழைக்கும் அழைப்பு. அது எப்போது வரும் என்று எவரும் சொல்ல முடியாது. தொடக்கச் செயற்கூற்றில் இன்டரப்ட்டைப் பதிவு செய்யும் வரி மேலேயும், தரவைச் சேமிக்கும் வரி கீழேயும் இருந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் கண இடைவெளியில் அழைப்பு வரக்கூடும். ஒரே இன்டரப்ட் தடத்தைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் பலகையில் அண்டைக் கருவியின் அழைப்பே இங்கே வந்து சேரும். அந்த இடைவெளியில் கர்னலைக் காத்துக்கொண்டிருந்தது அந்த அற்பமான சோதனைதான். அதை நீக்கினால் கர்னல் விழும். நீக்காவிட்டால் வரிசைப் பிழை மறைந்தே கிடக்கும். சரியான பேட்ச் முதலில் வரிசையை மாற்றி, பிறகு சோதனையை நீக்கும்.

இனி 2009இன் கதை. லினக்ஸில் டன் என்றொரு டிரைவர் உண்டு. உண்மையான வலையட்டை இல்லாமலே வலையிணைப்பு இருப்பது போலக் காட்டுவது அதன் வேலை, வி.பி.என் சேவைகள் பலவும் அதை நம்பி நடப்பவை. அதன் ஒரு செயற்கூற்றில், டன் என்னும் சுட்டி வெறுமையெனில் பிழை என்று திரும்பு என்ற சோதனை முறையாக இருந்தது. 2.6.30 பதிப்புக்கு முன் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தில், அந்தச் சோதனைக்கு மேலே, மாறிகளை அறிவிக்கும் இடத்தில், டன் சுட்டியைப் பின்தொடர்ந்து அதன் உறுப்பு ஒன்றை எடுத்து வைக்கும் ஒரு வரி சேர்ந்தது. அதாவது, முதலில் பயன்படுத்து, பிறகு வெறுமையா என்று கேள். படிக்கிறவர் கண்ணுக்கு அது சட்டென்று உறுத்தாது. அறிவிப்புகள் மேலே, சோதனைகள் கீழே என்பதுதானே வழக்கமான ஒழுங்கு?

ஆனால் மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலர் அதைக் கவனித்தது. சி மொழியின் விதிப்படி வெறுமைச் சுட்டியைப் பின்தொடர்வது வரையறுக்கப்படாத செயல். அப்படி ஒரு செயல் நல்ல நிரலில் நடக்கவே நடக்காது என்று கருதிக்கொள்ளக் கம்பைலருக்கு உரிமை உண்டு. ஆகவே ஜிசிசி கம்பைலர் இப்படி வாதிட்டது: மேல் வரியில் சுட்டி பயன்படுத்தப்பட்டுவிட்டது, எனவே அது வெறுமையாக இருக்க முடியாது, எனவே கீழே உள்ள சோதனை மிகை, எனவே அதை நீக்கலாம். நீக்கியது. மூலநிரலில் சோதனை இருந்தது. ஓடும் நிரலில் இல்லை. வலையிணைப்பு எதையும் இணைக்காமல் அந்தக் கருவிக்கோப்பைத் திறந்து அந்தச் செயற்கூற்றை அழைத்தால் சுட்டி வெறுமையாகவே வரும். அப்போதும் பொதுவாக ஊப்ஸ் அறிக்கையோடு முடிந்திருக்கும். ஆனால் தாக்க விரும்புகிறவர் தம் நிரலின் சுழிய முகவரிப் பக்கத்தில் தாமே தயாரித்த தரவை முன்கூட்டியே வைத்துவிட்டால், கர்னல் வெறுமையைப் பின்தொடர்ந்து நேரே அங்கே போய்ச் சேரும். சுழியப் பக்கத்தைச் சாதாரண நிரல்கள் தொடாதபடி 2007 முதலே கர்னலில் ஒரு வேலி இருந்தது. அந்த வேலியைத் தாண்டும் வழிகளும் அப்போது இருந்தன. 2009 ஜூலையில் பிராட் ஸ்பெங்லர் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் இதைச் செயல்படுத்திக் காட்டி, சாதாரணப் பயனர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்பதை வெளியிட்டார்.

திருத்தம் மிக எளியது: அந்த ஒரு வரியைச் சோதனைக்குக் கீழே நகர்த்தினார்கள். அதோடு, வெறுமைச் சோதனைகளை உன் விருப்பத்துக்கு நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் கட்டளை கர்னலின் தொகுப்பு விதிகளிலேயே சேர்க்கப்பட்டது. அது இன்றும் இருக்கிறது.

இந்தக் கதையில் கம்பைலர் செய்த தவறு என்ன? அவையோர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் தருக்கத்தில் ஓட்டை இல்லை. பயன்பாடும் சோதனையும் முரண்படுகின்றன என்பதைச் சரியாகவே கண்டது. முரண்பட்ட இரண்டில் எது பொய் என்று கேட்காமல், சோதனைதான் பொய் என்று முடிவு கட்டிவிட்டது. மொழி விதி அதற்கு அந்த உரிமையைக் கொடுத்திருந்தது. மனித மதிப்பாய்வாளருக்கு அந்த உரிமையை எவரும் கொடுக்கவில்லை. இன்று டான் கார்ப்பென்டர் உருவாக்கிய ஸ்மேட்ச் போன்ற கருவிகள், பயன்படுத்திய பின் சோதிக்கப்படுகிறது என்று ஓர் எச்சரிக்கை தரும்போது, அதைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு: சோதனையை நீக்கலாம், அல்லது சோதனையைப் பயன்பாட்டுக்கு மேலே ஏற்றலாம். இரண்டுமே எச்சரிக்கையை அணைத்துவிடும். ஒன்றுதான் சரி. எச்சரிக்கையை அணைப்பதே நோக்கமாகக் கொண்டு பேட்ச் அனுப்புகிறவர் எளியதைத் தேர்ந்தெடுப்பார். அவர் 2009இன் கம்பைலர் செய்ததையே கையால் செய்கிறார்.

இதற்கு ஆய்வுலகம் முன்பே ஒரு சட்டகம் தந்திருக்கிறது. 2001இல் டாசன் எங்லர் குழுவினர் வெளியிட்ட கட்டுரையின் மையக் கருத்து, நிரலின் ஒவ்வொரு வரியும் எழுதியவரின் ஒரு நம்பிக்கையை வெளிப்படுத்துகிறது என்பதே. சுட்டியைப் பின்தொடரும் வரி, அது வெறுமையல்ல என்ற நம்பிக்கை. சோதிக்கும் வரி, அது வெறுமையாகக்கூடும் என்ற நம்பிக்கை. இரண்டு நம்பிக்கைகள் மோதும் இடத்தில் எங்கோ ஒரு பிழை இருக்கிறது, எது சரி என்று தெரியாவிட்டாலும். அடுத்த ஆண்டே யிசென் ஷியே என்பவரும் எங்லரும் சேர்ந்து, மிகையான செயல்கள் உள்ள கோப்புகளில் கடுமையான பிழைகள் இருக்கும் வாய்ப்பு 45 முதல் 100 விழுக்காடு வரை அதிகம் என்று காட்டினார்கள். மிகை என்பது குப்பையல்ல. எழுதியவர் குழம்பிய இடத்தின் அடையாளம். குழப்பத்தைப் படிக்காமல் அடையாளத்தை மட்டும் துடைத்துவிட்டால் பிழையைத் தேட இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டு இதை நன்றாகக் காட்டும். கர்னலில் பட்டியல்களைச் சுற்றிவர ஒரு மேக்ரோ உண்டு. பட்டியலில் தேடி, கிடைத்தால் சுற்றை விட்டு வெளியேறி, சுற்று முடிந்த பின் சுட்டி வெறுமையெனில் கிடைக்கவில்லை என்று எழுதியிருப்பார்கள் சிலர். அந்தச் சுட்டி எப்போதும் வெறுமையாகாது. கிடைக்காமல் சுற்று முடிந்தால் அது பட்டியலின் தலைப்பகுதியை ஒரு பொருள் போலத் தவறாகச் சுட்டி நிற்கும். காக்சினெல் இச்சோதனையை மிகை என்று சரியாகவே சொல்லும். நீக்கினால்? கிடைக்கவில்லை என்ற நிலையைக் கவனிக்க எழுதியவர் செய்த முயற்சியே மறைந்துவிடும், பிழை அப்படியே நிற்கும். 2022இல் இந்தச் சுற்றுச் சுட்டிகளின் சிக்கல் பெரிதாக விவாதிக்கப்பட்டு, சுற்றுக்குள்ளேயே மாறியை அறிவிக்க வழிசெய்யும்படி கர்னல் தன் சி மொழித் தரத்தை, 5.18 பதிப்பில், 1989இன் வழக்கிலிருந்து 2011இன் வழக்குக்கு மாற்றிக்கொண்டது. சோதனைகளை வெறும் மிகை என்று துடைத்துக்கொண்டே போயிருந்தால் அந்த உரையாடலுக்கே இடமிருந்திருக்காது.

அப்படியானால் எல்லா மிகைகளையும் விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. கேஃப்ரீயின் முன் நிற்கும் சோதனையை நீக்குவதற்குத் தயங்க வேண்டியதில்லை. தயங்க வேண்டியது, ஒரே மாற்றக் குறிப்பை நாற்பது டிரைவர்களுக்கு ஒட்டி அனுப்பும் தொடர் பேட்சுகளிடம்தான். நாற்பதில் முப்பத்தெட்டு சரியாக இருந்து, கடைசி இரண்டில் ரெகுலேட்டர் இருந்தால், முதல் பத்தைப் படித்துக் களைத்த கண் அந்த இரண்டைக் கடந்துவிடும். அத்தகைய தொடரைத் துணைப்பிரிவு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உத்தரவாதம் யாருடையது என்று ஒரு வரி எழுதி மீண்டும் அனுப்பச் சொல்வதே முறை. நேரம் வீணாகிறது என்று அனுப்பியவர் வருந்துவார். வருந்தட்டும்.

சில மிகைகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2023இல் கர்னல் பொறியாளர் பீட்டர் ஜீல்ஸ்ட்ரா கர்னலில் தானியங்கித் துப்புரவு வசதி ஒன்றைக் கொண்டுவந்தார். மாறி தன் எல்லையை விட்டு வெளியேறும்போது நினைவகம் தானே விடுவிக்கப்படும். அதன் தலைப்புக் கோப்பில், கேஃப்ரீயை அழைக்கும் முன் ஒரு வெறுமைச் சோதனை நிற்கிறது. கேஃப்ரீ வெறுமையை ஏற்கும் என்பது அதை எழுதியவருக்குத் தெரியாதா? தெரியும், அருகிலேயே விளக்கக் குறிப்பும் இருக்கிறது. சுட்டியின் உரிமை வேறிடத்துக்குக் கைமாறி, சுட்டி வெறுமையாக்கப்பட்ட இடங்களில், அந்தச் சோதனையைக் காணும் கம்பைலர் கேஃப்ரீயை அழைக்கும் வரியையே முற்றாக நீக்கிவிட முடியும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. 2009இல் ஓட்டையைத் திறந்த அதே கம்பைலர் அறிவு, இங்கே பயனுக்குத் திருப்பப்பட்டிருக்கிறது. கருவி சொன்னதை மட்டும் நம்பி இதையும் துடைக்க வருகிறவருக்கு, அந்தக் குறிப்பே பதில் சொல்லும்.

அரங்கில் இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். காக்சினெலின் விதிக்கோப்புகள் 2010 முதல் கர்னலின் மூலநிரலோடே வருகின்றன; மடிக்கணினியில் கர்னலை இறக்கி, ஏதேனும் ஒரு சிறு டிரைவர் அடைவின் மீது அவற்றை ஓட்டிப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். வரும் எச்சரிக்கைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அழைக்கப்படும் செயற்கூற்றைத் திறந்து படியுங்கள்; அந்தச் சோதனையை முதலில் எழுதியவர் எந்த மாற்றத்தில், எந்தக் காரணத்தோடு எழுதினார் என்று கிட் வரலாற்றில் தேடுங்கள்; அதன் பிறகு பேட்சை எழுதி, உத்தரவாதம் எந்தச் செயற்கூற்றில், எந்தப் பதிப்பு முதல் இருக்கிறது என்பதை மாற்றக் குறிப்பின் முதல் பத்தியிலேயே எழுதி அனுப்புங்கள்.